ஒருவன் விழுந்தால் போதும்

ஆர்விஸ் டக்கெட்டை எங்கள் கல்லூரி அணியில் சேர்த்தது ஓடுவதற்காக அல்ல, பிடிப்பதற்காகவும் அல்ல. விழுவதற்காக. முதல் நாளே இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் தன் அம்மாவுடன் கெளுத்தி மீன் ஆலைக்கே வேலைக்குப் போயிருப்பான்.

எங்கள் ஊரான ஹாலிஸ் ஃபெரியில் பிள்ளைகளுக்கு இரண்டு கதவுகள்தான் உண்டு. ஒன்று மீன் ஆலையின் கதவு, மற்றொன்று ஸ்டேடியத்தின் கதவு. மிசிசிப்பியின் இந்த மூலையில் மூன்றாவது கதவு ஒன்றைத் திறக்க எந்த அரசாங்கமும் மெனக்கெட்டதில்லை. ஆர்விஸ் உயரமும் இல்லை, பருமனும் இல்லை. ஆனால் கால் வேகம் இருந்தது. கட்டணம் கட்டிப் படித்துக்கொண்டே அணியில் பயிற்சி எடுக்கலாம், நன்றாக ஆடினால் அடுத்த வருடம் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்கும் என்றார்கள். அம்மா வெர்லீன் ஆலையில் இரண்டு ஷிஃப்ட் பார்த்து அவனைப் படிக்க வைத்தாள்.

எங்கள் கால்பந்து, உதைத்து ஆடும் ஆட்டமல்ல. பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடுவார்கள். எதிரணி மோதிச் சாய்க்கும், விசில் ஊதும், எழுந்து வரிசை கட்டி மறுபடி மோதுவார்கள். இரண்டு மோதலுக்கு நடுவே கிடைக்கும் அந்த மூச்சில்தான் தடுக்கும் அணி உயிர் பிழைக்கிறது. சில அணிகள் அந்த மூச்சையும் கொடுப்பதில்லை. விசில் சத்தம் அடங்குமுன் பந்தை மறுபடி எடுத்துவிடுவார்கள். களைத்தவனை வெளியே எடுத்து வேறொருவனை அனுப்பக்கூட அவகாசம் இருக்காது. ஆனால் யாராவது அடிபட்டு விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தியே ஆக வேண்டும். விழுந்தவன் அடுத்த மோதலுக்கு வெளியே இருக்க வேண்டும், அவ்வளவுதான். அப்படியானால் யாரை விழச் சொல்வார்கள்? வெளியே இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லாத ஒருவனை.

எங்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் லைல் பர்ட் எப்போதும் தோளில் ஒரு வெள்ளைத் துண்டு போட்டிருப்பார். அது தோளிலிருந்து கழுத்துக்கு ஏறினால், ஆர்விஸ் விழ வேண்டும்.

"துண்டு கழுத்துக்கு வந்தா உனக்கு முழங்கால் போச்சு. புரியுதா தம்பி?"

"எந்த முழங்கால் கோச்?"

"எதுவா இருந்தா என்ன? ஆனா கைத்தாங்கலா கூட்டிட்டு வர்றப்ப கால மாத்திராத!"

உடை மாற்றும் அறையே சிரித்தது. ஆர்விஸும் சிரித்தான். அந்த அறையின் சுவரில் பெரிய எழுத்தில் 'நேர்மையாக ஆடு' என்று எழுதியிருந்தது. அதன் கீழேதான் தலைமைப் பயிற்சியாளர் டேல் ஹாக்கடி தன் தொப்பியை மாட்டுவார். எங்கள் மாவட்டத்தில் அவரைவிட அதிகச் சம்பளம் வாங்கும் நீதிபதியும் இல்லை, மருத்துவரும் இல்லை. துண்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாமலிருப்பதற்கும் சேர்த்துத்தான் அந்தச் சம்பளம்.

முதல் வருடம் முழுக்க ஆர்விஸ் விழுந்தான். வெளியூர் மைதானங்களில் கூச்சலிட்டார்கள், உள்ளூர் மைதானத்தில் கண்ணடித்தார்கள். அவனோடு அறையைப் பகிர்ந்துகொண்டவன் தியோடிஸ் மேபெரி. தடுப்பு வரிசையின் நட்டநடுவில் நிற்பவன். அவனை நகர்த்தக் கிரேன் வேண்டும் என்பார்கள். விரல் எலும்பு முறிந்ததைக்கூட ஆட்டம் முடிந்தபிறகுதான் வெளியே சொன்னவன். அவன் இடத்தில் நிறுத்த அணியில் வேறு ஆள் இல்லை. அதனால் அவனை வெளியே எடுக்கவே மாட்டார்கள். விழுவதற்கு ஒருவன், விழவே கூடாதென்று ஒருவன். இரண்டு பேரும் ஒரே அறையில்.

"டேய், நேத்து நீ விழுந்தது கண்றாவிடா," என்பான் தியோடிஸ். "முழங்கால்ல அடிபட்டவன் எவன்டா மூஞ்சியப் புடிச்சுக்குவான்?"

"வெக்கம்டா. மூஞ்சிய மறைச்சேன்."

"ஹெல்மெட்டுக்குள்ள உன் மூஞ்சி எவனுக்குடா தெரியப்போவுது?"

"எங்கம்மாவுக்குத் தெரியும்."

தெரிந்தது. தேவாலயத்தில் எல்லோரும் சிஸ்டர் என்றழைக்கும் ஓரா பெல், வெர்லீனை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "ஏன் வெர்லீன், உம் புள்ளைக்குப் பால் குடுத்து வளத்தியா, சர்பத்து குடுத்து வளத்தியா? காத்தடிச்சா விழுந்துர்றானே!" பிரசங்கம் முடியும்வரை வெர்லீன் தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்ததும் மகனை நிற்க வைத்துக் கேட்டாள்.

"நெசமா விழுறியா, நடிக்கிறியா?"

"அம்மா, அது ஆட்டத்துல ஒரு பகுதி."

"நான் கேட்டதுக்கு அது பதிலில்ல."

"எல்லா அணியும் செய்யிதும்மா."

"ஒருநாள் நெசமாவே விழப்போற. அன்னிக்குப் பெத்தவ நானே எந்திரிச்சுப் பாக்கமாட்டேன். அப்பத் தெரியும் உனக்கு."

 விழுந்தால்தான் அடுத்த வருடம் கட்டணம் இல்லாமல் படிக்கலாம் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது? அவள் விரல்களில் மீன் முள் குத்திய காயங்கள் ஆறுவதே இல்லை. அதை ஆற வைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி விழுவதுதான்.

பொய்யாக விழுவது ஆட்டக்காரர்களை மட்டும் கெடுக்கவில்லை. அணியின் மருத்துவ உதவியாளர் நடீன் க்ராஃப்ட் கெட்டிக்காரி, மனசாட்சி உள்ளவள். ஆரம்பத்தில் யார் விழுந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். பிறகு ஓடுமுன் பர்ட்டின் கழுத்தைப் பார்க்கப் பழகினாள். துண்டு கழுத்தில் இருந்தால் வெறும் தண்ணீர் பாட்டிலோடு நடந்து போவாள். வேலையை நடத்த வேறு வழியில்லை. ஒரு நிறுவனம் பொய் சொல்லத் தொடங்கினால் அதன் நல்ல ஊழியர்கள்கூடப் பொய்க்கு ஏற்ப நடையை மாற்றிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வருடம், செப்டம்பர் தொடக்கம். கட்டணப் பேச்சு இன்னும் 'அடுத்த வருடம்' என்றே இருந்தது. அர்கன்சாவிலிருந்து வந்த அணியோடு ஆட்டம். தொலைக்காட்சிக்காரர்கள் நண்பகலில் வேண்டும் என்றார்கள், நண்பகலில் வைத்தார்கள். மிசிசிப்பியில் அந்த மாதம் நாய்கூட நிழலை விட்டு வெளியே வராது. கவசமும் ஹெல்மெட்டும் மாட்டிய பிள்ளைகளை வெயிலில் இறக்கினார்கள். அவர்களைக் குளிர்விக்க வாங்கிய தகரத் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற அதே பெரிய தொட்டி, மைதானத்தின் ஓரத்தில் இல்லை. அன்று காலை அதை நன்கொடையாளர்களின் கூடாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள், பீர் பாட்டில்களைக் குளிர வைக்க. நடீன் கேட்டுப் பார்த்தாள். "அரை மணி நேரத்துல திருப்பித் தர்றோம்மா" என்றார்கள். தரவில்லை.

அர்கன்சா அணி காற்றாக ஆடியது. மோதல், விசில், மறுபடி மோதல். நான்கு பகுதி ஆட்டத்தில் மூன்றாம் பகுதிக்குள் எங்கள் ஆட்கள் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். பந்து ஒருமுறை கோட்டுக்கு வெளியே போன இடைவெளியில் ஆர்விஸ் ஒருவனை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். அவன் ஓடி வருவதைப் பார்த்ததுமே எதிரணியில் பந்தை எடுத்துக் கொடுக்கிற சிவப்புத் தாடிக்காரன் சிரித்தான்.

"வந்துட்டாருய்யா நடிகர்! என்ன தம்பி, இன்னிக்கு எந்தக் கால்?"

"உன் கால்," என்றான் ஆர்விஸ். தியோடிஸ் வழக்கமாக இதற்குச் சிரிப்பான். சிரிக்கவில்லை. ஆர்விஸ் அதைக் கவனித்தான், ஆனால் யோசிக்க நேரமில்லை. மோதல் முடிந்தது. ஓரத்தில் துண்டு கழுத்துக்கு ஏறியது. ஆர்விஸ் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்தான்.

அதே நொடியில் தியோடிஸும் சாய்ந்தான்.

 ஸ்டேடியம் வெடித்துச் சிரித்தது. இரண்டு பேர்! ஒரே துண்டுக்கு இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள்! இதைவிட வெட்ட வெளிச்சமாக ஓர் அணி மாட்டிக்கொள்ள முடியுமா? எதிரணி ரசிகர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். எங்கள் ஆட்களே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்கள்.

ஆர்விஸ் படுத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான், "டேய் மேப், எந்திரிடா. துண்டு எனக்கு."

இரண்டு ஹெல்மெட்டுகளும் ஒரு முழம் தள்ளி எதிரெதிராகக் கிடந்தன. கம்பிக்குப் பின்னால் தியோடிஸின் கண்கள் அவனைத் தாண்டி எங்கோ பார்த்தன.

"பஸ் வந்துருச்சா?" என்றான் தியோடிஸ்.

"என்னடா?"

"அம்மா கதவப் பூட்டிட்டாங்க. பஸ் போயிரும். கதவத் தெறக்கச் சொல்லு."

 தியோடிஸின் அம்மா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

ஓரத்திலிருந்து ஹாக்கடியின் குரல் வந்தது. "மேபெரி! எந்திரிடா எருமை! ஒருத்தன் போதும்! ஒருத்தன் விழுந்தாப் போதும்!"

தியோடிஸ் எழுந்தான். சிறு வயதிலிருந்தே அந்த மாதிரிக் குரலுக்குக் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட உடம்பு அது. மூளை அணைந்துகொண்டிருந்தபோதும் அது எழுந்து நின்றது. எழுந்தவன் திரும்பி, தன் அணியையே பார்த்தபடி தவறான பக்கம் குனிந்து நின்றான். ஸ்டேடியம் இன்னும் சத்தமாகச் சிரித்தது.

நடீன் தண்ணீர் பாட்டிலோடு நடந்து வந்தாள்.

"மிஸ் நடீன், மேப் சரியில்ல," என்றான் ஆர்விஸ்.

"முழங்காலப் புடிச்சுக்கிட்டே பேசு, எல்லாரும் பாக்கறாங்க."

"சத்தியமா. அவன் என்னமோ உளர்றான்."

"துண்ட மாத்திப் புரிஞ்சுக்கிட்டான்பா. எந்திரிச்சுட்டான்ல? நட, நொண்டு."

யாரும் அவளைக் குறை சொல்லிவிட வேண்டாம். எழுந்து நிற்பவனுக்கு ஒன்றுமில்லை என்பதுதான் ஒரு வருடமாக அவளுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட பாடம்.

ஆர்விஸ் நொண்டினான். ஓரத்துக்கு வந்ததும் ஹாக்கடியின் கையைப் பிடித்தான். பயிற்சியாளரின் கையைத் தொடுவது எங்கள் ஊரில் தேவாலயத்தில் கெட்ட வார்த்தை பேசுவதுபோல.

"கோச், மேப்பை வெளிய எடுங்க. அவனுக்கு நெசமாவே ஆயிருச்சு."

"யாருக்கு நெசம், யாருக்குப் பொய்னு நீ சொல்றியா எனக்கு?" ஹாக்கடி மைதானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவன எடுத்துட்டு அங்க யார நிறுத்த? உன்னையா? உன் வேல முடிஞ்சுது. உக்காரு."

"கோச், அவன் செத்துருவான்."

"பர்ட்! இவனக் கூட்டிட்டுப் போ!"

எதிரணி வரிசை கட்டிக்கொண்டிருந்தது. தியோடிஸை யாரோ தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். அவன் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. மோதலுக்கு நிற்பவன் கை தொங்காது. இன்னொரு முறை மூன்று பேர் எடை அவன் மேல் விழும். ஆர்விஸுக்கு அடுத்த வருடக் கட்டணம் நினைவுக்கு வந்ததாம். அம்மாவின் விரல்களும் நினைவுக்கு வந்தனவாம். அவனே பின்னால் சொன்னான். வந்தன, ஆனால் கால்கள் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டன.

ஒரு நிமிடத்துக்கு முன் நொண்டிக்கொண்டு போனவன் மான்போல ஓடி வருவதைப் பார்த்து மைதானமே ஊளையிட்டது. பதினோரு பேர் ஆடும் அணியில் பன்னிரண்டாவது ஆள் உள்ளே நுழைவது குற்றம். நடுவர் விசில் ஊதி, குற்றத்துக்கு அடையாளமான மஞ்சள் துணியை எறிந்தார். ஆர்விஸ் தியோடிஸின் இடுப்பைக் கட்டிப் புல்லில் உட்கார வைத்தான். தலைமை நடுவர் அருகில் வந்து, வழக்கப்படி இடுப்பிலிருந்த மைக்கைத் திறந்து குற்றத்தை அறிவிக்க வாயெடுத்தார். ஒலிபெருக்கியில் வந்தது ஆர்விஸின் குரல்.

"எனக்கு ஒண்ணுமில்ல! நான் நடிச்சேன்! துண்டு காட்டினாங்க, விழுந்தேன்! இவனுக்குத்தான் நெசம்! யாராவது பாருங்கய்யா!"

நடுவர் மைக்கை அணைத்தார். ஸ்டேடியம் முழுக்கக் கேட்டுவிட்டது. ஆனால் கேட்பதும் நம்புவதும் ஒன்றல்ல. பொய்யன் என்று ஒருவனே வாயால் ஒப்புக்கொண்டபின் அவனுடைய அடுத்த சொல்லை யார் நம்புவார்கள்? புது நாடகம் என்று நினைத்தார்கள். எங்கிருந்தோ குளிர்பானக் குவளை ஒன்று பறந்து வந்து அவன் முதுகில் விழுந்தது.

"வெளிய போ தம்பி," என்றார் நடுவர்.

"சார், அவன் பஸ்ஸப் பத்திப் பேசறான் சார். பஸ் வந்துருச்சான்னு கேக்கறான்."

சிவப்புத் தாடிக்காரன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு அருகே வந்தான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பஸ்ஸா?" என்றான். "என்கிட்டயும் கேட்டான் சார். நேருக்கு நேரா குனிஞ்சு நிக்கிறப்ப, பஸ் போயிருச்சா, பஸ் போயிருச்சான்னு. என்னயச் சீண்டுறான்னு நெனச்சு நானும் திட்டிட்டு இருந்தேன்."

அந்த ஒரு வாக்கியம்தான் சாட்சியம். சொன்னவன் எதிரி. அவனுக்குப் பொய் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. ஆர்விஸின் பின்னாலேயே ஓடி வந்திருந்த நடீன் தியோடிஸின் கழுத்தில் கை வைத்தாள். அடுப்பில் வைத்ததுபோல் கையை எடுத்தாள்.

"ஐயோ," என்றாள். "தொட்டி! தொட்டி எங்க?"

அவளுக்கே தெரியும் எங்கே என்று. தியோடிஸ் வாந்தி எடுத்து, கண் செருகிச் சாய்ந்தான். ஆர்விஸ் ஒரு தோளைப் பிடித்தான், தாடிக்காரன் மறு தோளைப் பிடித்தான், இரண்டு அணிப் பிள்ளைகளும் சேர்ந்து அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு நன்கொடையாளர் கூடாரத்துக்கு ஓடினார்கள். நடீன் கூடவே ஓடிக் கவசத்தின் வார்களைக் கத்தரித்தாள்.

"என்னம்மா இது, இங்க விருந்து நடக்குது!" என்று ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வழியை மறித்தார்.

"தள்ளுய்யா!" தாடிக்காரன் அவரைத் தோளால் இடித்துத் தள்ளினான். எங்கள் மைதானத்தில் அன்று நடந்த ஒரே நேர்மையான மோதல் அதுதான்.

பாட்டில்களோடு சேர்த்தே தியோடிஸைப் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கினார்கள். கூடாரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். தொட்டியில் கிடந்தவன் கறுப்பன். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் "எல்லாத்துலயும் அத இழுக்காதீங்க" என்பார்கள். நான் இழுக்கவில்லை. தொட்டியைத்தான் இழுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

ஆட்டம் பார்க்க வந்து படிவரிசையில் உட்கார்ந்திருந்த வெர்லீன் அதற்குள் கீழே இறங்கி வந்திருந்தாள். எழுந்து பார்க்கமாட்டேன் என்றவள். மகன் தொட்டியின் விளிம்பில் முட்டிபோட்டு நண்பனின் தலையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிக்கொண்டு அழுவதைப் பார்த்தாள்.  சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு தரையில் கிடந்த பனிக்கட்டியை அள்ளி அள்ளி உள்ளே போட்டாள். ஆலையில் தினமும் மீனுக்குச் செய்கிற அதே வேலை.

தியோடிஸ் பிழைத்தான். கடவுள் காப்பாற்றினார் என்று மறுநாள் பாதிரியார் சொன்னார். காப்பாற்றியது பனிக்கட்டி. அதுவும் தாமதமாக. தொட்டி மைதானத்தின் ஓரத்தில் இருந்திருந்தால், முதல் முறை விழுந்தபோதே யாராவது நம்பியிருந்தால், அவன் சிறுநீரகங்களும் பிழைத்திருக்கும். வெந்துபோன தசை ரத்தத்தில் கரைந்து அவற்றை அடைத்துவிட்டது.

லீக் நிர்வாகம் விசாரித்தது. துண்டு எதற்கு என்று பர்ட்டைக் கேட்டார்கள். வியர்வை துடைக்க என்றார். ஹாக்கடி தொலைக்காட்சியில் தோன்றி, "எங்க பசங்களுக்கு நாங்க மொதல்ல கத்துக்குடுக்கறது நேர்மைதான்" என்றார். பொய்யாக விழுந்ததற்காக எங்கள் மாநிலத்தில் அந்த வருடம் தண்டிக்கப்பட்டவன் ஒரே ஒருவன், ஆர்விஸ் டக்கெட். ஏனென்றால் அவனுக்கு எதிராக மட்டும்தான் ஆதாரம் இருந்தது, அவன் வாயால் அவனே கொடுத்த ஆதாரம். நூறு முறை நடித்தவர்களை விட்டுவிட்டு, நடித்தேன் என்று சொன்னவனைப் பிடித்த அந்த நீதியை எந்தத் தராசில் நிறுப்பது? அடுத்த வருடக் கட்டணம் பற்றி யாரும் பேசவில்லை. அவன் மீன் ஆலையின் உறைபதனப் பிரிவில் சேர்ந்தான். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

தியோடிஸ் பற்றிக் கல்லூரி சொன்ன கதை வேறு. அவனும் துண்டைப் பார்த்துத்தான் விழுந்தான், ஒரே துண்டுக்கு இருவர் விழுந்த குழப்பம் அது, உடல்நலக் குறைவு பிறகுதான் வந்தது என்றது. அப்படியானால் ஹாக்கடி எழுந்திரு என்று கத்தியதில் தவறில்லை. வழக்குப் போட்டிருக்கலாம். ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவன் தியோடிஸ். அவனுக்கோ அந்த நாள் துளிகூட நினைவில்லை. நடீன் வேறு ஊருக்குப் போய்விட்டாள், அர்கன்சாவுக்குத் திரும்பிய தாடிக்காரனைத் தேடிப் போய்க் கேட்க யாருமில்லை. மிஞ்சியது பொய்யன் என்று தானே ஒப்புக்கொண்ட ஒருவன்.

ரத்தம் சுத்திகரிக்கும் நாட்களில் ஆர்விஸ் தன் பழைய டிரக்கில் தியோடிஸை மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறான். வாசலில் ஹாரன் அடித்தால் உள்ளேயிருந்து, "பஸ் வந்துருச்சு!" என்று கத்திக்கொண்டே தியோடிஸ் வருவான். பாதியாக இளைத்துவிட்டான். கிரேன் வேண்டாம், ஆர்விஸ் ஒற்றைக் கையால் ஏற்றி உட்கார வைக்கிறான்.

போன வாரம் அந்த டிரக்கில் நானும் இருந்தேன். பழைய ஸ்டேடியத்தைக் கடக்கும்போது தியோடிஸ் எப்போதும் கேட்பதைக் கேட்டான்.

"ஆர்வி, உண்மையச் சொல்லு. நானும் நடிச்சுத்தானே விழுந்தேன்? உன்னப் பாத்து?"

"இல்லடா. நெசமா விழுந்த."

"எல்லாரும் வேற மாதிரி சொல்றாங்களே."

"சொல்லுவானுங்க. நான்தான்டா பக்கத்துல கெடந்தேன்."

தியோடிஸ் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான், "நெசமா விழுந்தவன் ஏன்டா எந்திரிச்சேன்?"

ஆர்விஸ் கியரை மாற்றினான்.

"எந்திரிக்கச் சொன்னாங்கடா," என்றான்.